ஆப்பிரிக்கா எந்த அலமாரியில் இருக்கிறது?

(நூலகர்களும் வாசகர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேப் டவுன் நகரத்தின் நடுவில் ‘கம்பெனித் தோட்டம்’ என்றொரு பூங்கா இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும் கப்பல்களுக்குக் காய்கறி விளைவிக்க டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் போட்ட தோட்டம் அது. அதன் ஓரத்தில், கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள் வைத்துக் கட்டிய நூலகம் ஒன்று நிற்கிறது. இன்று அது தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகத்தின் ஒரு பகுதி. அங்கே இருக்கும் இரண்டு பழைய சேகரிப்புகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒன்று, 1761-இல் இறந்துபோன ஒரு கம்பெனி அலுவலர் விட்டுச் சென்றது. மற்றொன்று, 1861-இல் பதவி மாறிப் போன ஓர் ஆளுநர் கொடுத்துவிட்டுப் போனது. நடுவே நூறு ஆண்டு இடைவெளி. இரண்டிலும் இறையியல் நூல்கள் இருக்கின்றன, பயண நூல்கள் இருக்கின்றன. “ஆப்பிரிக்க வரலாறு எங்கே?” என்று கேட்டால்தான் நூலகர் சற்று யோசிக்க வேண்டும். அந்த யோசனையைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

முதலில் அந்த அலுவலர். யோவாகிம் நிக்கோலாஸ் ஃபான் டெசின். 1704-இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தில் பிறந்தவர். 1727-இல் கம்பெனியின் சாதாரணச் சிப்பாயாகக் கேப்புக்கு, அதாவது நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்துக்கு, வந்தார். படித்தவர் என்பதால் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேனாவை எடுக்க அதிக நாள் ஆகவில்லை. 1737-இல் அநாதைகள் சொத்து மன்றத்தின் செயலாளரானார். ஊரில் ஒருவர் உயில் எழுதாமலோ, வயதுக்கு வராத பிள்ளைகளை விட்டுவிட்டோ இறந்தால், அந்த வீட்டுக்குப் போய்ப் பானை சட்டியிலிருந்து எல்லாவற்றையும் கணக்கெடுத்து, ஏலம் விட்டு, பணத்தை வாரிசுகளுக்காகப் பத்திரப்படுத்துவது அந்த மன்றத்தின் வேலை.

அச்சுக்கூடமே இல்லாத ஊர் அது. புத்தகம் என்றால் ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். வந்த புத்தகம் யாரோ ஒருவரின் மரணத்துக்குப் பிறகுதான் கைமாறும். அப்படிப்பட்ட ஊரில் புத்தகப் பித்துள்ள ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது! இறந்த பாதிரியாரின் மறையுரைத் தொகுதிகள், இறந்த மருத்துவரின் லத்தீன் நூல்கள், இறந்த மாலுமியின் கடற்பயணக் குறிப்புகள் என்று ஏலம் ஏலமாக வாங்கிச் சேர்த்தார். சாகும்போது அவரிடம் சுமார் 3,800 நூல்கள் இருந்தன. அவற்றைக் கேப் டவுனின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார்: ஊர் மக்கள் எல்லோரும் வந்து படிக்கும் பொது நூலகத்துக்கு இது அடித்தளமாக வேண்டும். மேற்கொண்டு புத்தகம் வாங்கப் பணமும் விட்டுவைத்தார்.

‘ஊர் மக்கள் எல்லோரும்’ என்றால் யார் யார்? டெசின் மேற்பார்த்த அதே ஏலங்களில் புத்தகங்களுக்கு முன்னும் பின்னும் மனிதர்களும் விற்கப்பட்டார்கள். 1652-க்கும் 1808-க்கும் இடையே சுமார் 63,000 பேர் அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது ராபர்ட் ஷெல் என்ற வரலாற்றாசிரியரின் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள்: வங்காளம், மலபார், இலங்கை, நம்முடைய சோழமண்டலக் கரை. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது நமக்குத் தெரியும். அங்கே கோட்டை கட்டிய கம்பெனியும் கேப்பில் தோட்டம் போட்ட கம்பெனியும் ஒன்றுதான். அந்த ஏலப் பட்டியல்கள் அழியவில்லை. கேப் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதியை எழுத்துப் பெயர்த்து இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். ஒரு வீட்டின் நாற்காலி, செம்புப் பாத்திரம், வேதாகமம், அதற்கடுத்து ஊர்ப்பெயர் ஒட்டிய ஒரு மனிதர், அவருக்கு ஒரு விலை. கேப்பின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று டெசினின் புத்தகங்களைவிட அவருடைய அலுவலகத்தின் பட்டியல்களைத்தான் அதிகம் புரட்டுகிறார்கள்.

டெசினின் அலமாரிகளில் இறையியலுக்குப் பெரிய இடம் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் படித்த ஐரோப்பியர் யாருடைய வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அதே ஊரில், புத்தகக் கடையும் ஏலமும் எட்டாத இடத்தில், இன்னோர் இறையியல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தோனேசியத் தீவுகளில் திடோர் என்ற தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாவை டச்சுக்காரர்கள் 1780-இல் அரசியல் கைதியாகக் கொண்டுவந்து ராபன் தீவில் அடைத்தார்கள். நெல்சன் மண்டேலா பின்னாளில் இருந்த அதே தீவு. அவர் அங்கே குர்ஆனை நினைவிலிருந்தே கையால் எழுதினார். இஸ்லாமிய நம்பிக்கை பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார். ‘துவான் குரு’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். விடுதலையான பிறகு, 1790-களில், டோர்ப் தெருவில் பள்ளிக்கூடமும் தொழுகைக்கூடமும் நடத்தினார். இன்று அது அவ்வல் மசூதி. தென்னாப்பிரிக்காவின் முதல் மசூதி. அந்த இடம் கோரிடன் என்பவரின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கோரிடன், இலங்கையிலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்றவர். துவான் குருவின் குர்ஆன் இன்னும் அந்த மசூதியில் இருக்கிறது. டெசினின் நூலகத்துக்கு அது வரவில்லை. வரவும் வழியில்லை, ஏனென்றால் 1804 வரை கேப்பில் இஸ்லாமியர் வெளிப்படையாகத் தொழுவதற்கே அனுமதி கிடையாது.

இந்த இடத்தில் நம் ஊரையும் தொட்டுவிட்டுப் போகிறேன். தரங்கம்பாடிக்குக் கிளம்பிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வழியில் கேப்பில் இறங்கி, அங்கிருந்த கோய்கோய் மக்களைப் பற்றி எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அவருக்காக ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறியோடு ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சாளரும் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது நோயில் இறந்துபோனார். அச்சுப்பொறி மட்டும் சென்னை வந்து தரங்கம்பாடிக்குப் போயிற்று, தமிழில் அச்சடித்தது. கேப்புக்கு அச்சு வர அந்த நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1806-க்குப் பிறகு கேப் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1818-இல் ஆளுநர் சார்லஸ் சோமர்செட் பிரபு ஒரு பொது நூலகம் அமைக்க ஆணை போட்டார். செலவுக்கு? ஒயின் வரி! விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் இவ்வளவு என்று வசூலித்து நூலகத்துக்குக் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 1948 சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். வேறு வரியோடு சேர்த்திருந்தால் நம் நூலகங்கள் எப்படிச் செழித்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் சிரிப்பிலேயே தெரிகிறது. கேப்பில் அந்த வரி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் நிறுத்தினார்கள், நூலகம் சந்தாக்காரர்களை நம்பிப் பிழைத்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தத் திராட்சைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். அடிமை முறை அங்கே 1834-இல்தான் சட்டப்படி முடிந்தது, அதற்குப் பிறகும் நான்கு ஆண்டு ‘பயிற்சி’ என்ற பெயரில் கட்டிவைத்தார்கள். டெசினின் நூல்களும் 1820-களின் தொடக்கத்தில் இந்த ஒயின் நூலகத்துக்குள் வந்து சேர்ந்தன.

அதன் தொடக்க கால நூலகர்களில் ஒருவர் தாமஸ் பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர். கால் ஊனமுற்றவர். ஆளுநருக்குப் பிடிக்காத பத்திரிகை நடத்தினார், மோதல் வந்தது, 1824-இல் வேலையை விட்டார். லண்டன் போய் 1827-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளரானார். மேரி பிரின்ஸ் என்ற கரீபியப் பெண் தன் அடிமை வாழ்வைத் தானே சொல்லி, அது 1831-இல் நூலாக வந்தபோது அதைப் பதிப்பித்தவர் இவர்தான். அடிமைகளின் உழைப்பில் கட்டிய நூலகத்தில் சம்பளம் வாங்கியவர், அடிமையின் வாயிலிருந்து வந்த வரலாற்றை அச்சேற்றினார். இந்தப் பேச்சின் பிற்பகுதியில் வரப்போகிற நூலகருக்கு இவரை முன்னோடி என்று நான் சொல்வேன்.

சரி, பயண நூல்கள். கேப்பைப் பற்றி ஐரோப்பா படித்ததெல்லாம் பயண நூல்கள் வழியாகத்தான். பேட்டர் கோல்ப் என்ற ஜெர்மானியர் 1705-இல் வானியல் ஆய்வுக்கு வந்தார். நட்சத்திரங்களைவிட மனிதர்களை அதிகம் கவனித்தார். 1719-இல் நியூரம்பர்க்கில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. கோய்கோய் மக்களின் திருமணம், மாட்டு வளர்ப்பு, மருத்துவம், தெய்வ நம்பிக்கை என்று நூற்றுக்கணக்கான பக்கம். பிறகு வந்த பிரெஞ்சு வானியலாளர் லகாய், கோல்ப் எழுதியது நம்பத்தக்கதல்ல என்று கடுமையாகத் தாக்கினார். ஆனால் அந்த நூல் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. ரூசோ மனிதச் சமமின்மை பற்றி 1755-இல் வெளியிட்ட நூலின் முகப்புப் படமே கோல்ப் சொன்ன ஒரு கதைதான்: டச்சுக்காரரிடம் வளர்ந்த ஒரு கோய்கோய் இளைஞன் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் மக்களிடம் திரும்பிப் போகிறான். ஸ்வீடன் நாட்டு ஸ்பார்மன், துன்பர்க், பிரெஞ்சுக்கார லெ வாயான், ஆங்கிலேயர் பாரோ, பர்ச்செல் என்று பிறகு ஒரு பெரும் வரிசை.

இந்த நூல்கள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். எழுதப்பட்ட வேறு சான்று இல்லாத காலத்துக்கு அவைதான் சான்று. ஆனால் நூற்பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பில் ஆப்பிரிக்கப் பயணம் 916, ஆப்பிரிக்க வரலாறு 960. ஒரு நாட்டைப் பற்றிய பழைய நூல்கள் எல்லாம் 916-இல் குவிந்து 960 காலியாகக் கிடந்தால், அந்த நாட்டில் எல்லோரும் வந்து போனார்கள், யாரும் வாழவில்லை என்று வாசகர் நினைத்துக்கொள்வார். எழுதியவர்கள் எல்லோரும் வந்து போனவர்கள் என்பதுதான் காரணம். வாழ்ந்தவர்கள் பேசியதை அங்கே எழுதி வைக்கவில்லை.

இப்போது ஆளுநர். சர் ஜார்ஜ் கிரே. தென் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆண்டுவிட்டு 1854-இல் கேப்புக்கு வந்தவர். இவரைப் பற்றி ஒரே மனநிலையில் பேச முடியாது. மவோரி மொழியைக் கற்று, அவர்களுடைய பாடல்களையும் தொன்மங்களையும் தொகுத்து வெளியிட்டவர். ஒரு மக்களின் மொழி தெரியாமல் அவர்களை ஆள முடியாது என்று வெளிப்படையாகவே எழுதினார். கவனியுங்கள், ஆளத்தான்.

அவர் ஆட்சியில்தான், கேப்பின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த கோசா மக்களின் பேரழிவு நடந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மாட்டு நுரையீரல் நோய் 1850-களில் மந்தைகளை அழித்துக்கொண்டிருந்தது. 1856-இல் நோங்காவுசே என்ற சிறுமி, மாடுகளைக் கொன்று தானியத்தை அழித்தால் முன்னோர் எழுந்து வருவார்கள், புது மந்தைகள் வரும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகக் கூறினாள். நிலம் பறிபோய், போரில் தோற்று, மாடும் செத்துக்கொண்டிருந்த மக்கள் நம்பினார்கள். சுமார் 4,00,000 மாடுகள் கொல்லப்பட்டன, 40,000 பேர் பட்டினியில் மாண்டார்கள் என்பது ஜெஃப் பைரஸ் என்ற வரலாற்றாசிரியரின் கணக்கு. கிரே அந்தப் பஞ்சத்தை வாய்ப்பாகப் பயன்படுத்தினார். உயிர் பிழைத்தவர்களைக் கூலிகளாகக் குடியேற்றப் பகுதிக்குள் இழுத்தார், காலியான நிலத்தில் வெள்ளையரைக் குடியேற்றினார், கோசாத் தலைவர்களை ராபன் தீவுக்கு அனுப்பினார்.

அதே ஆண்டுகளில் அதே மனிதர் உலகம் முழுவதும் கடிதம் எழுதிப் புத்தகம் சேர்த்தார். ஐரோப்பாவின் நடுக்காலக் கையெழுத்துப் படிகள் நூற்றுக்கு மேல். ஷேக்ஸ்பியரின் 1623-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு. அவற்றோடு, ஆப்பிரிக்க மிஷன் அச்சகங்களில் அடித்த எழுத்துப் பயிற்சிப் புத்தகம், கீர்த்தனைப் புத்தகம், நற்செய்தி நூல் என்று கையில் கிடைத்த ஒவ்வொரு தாளும். கிரேயின் பெயரைச் சொன்னால் ஷேக்ஸ்பியரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஷேக்ஸ்பியரின் அந்தத் தொகுப்பு உலகில் வேறு பல இடங்களில் இருக்கிறது. பாலைவன ஓரத்து மிஷன் ஒன்று சில நூறு படி அடித்து, பிள்ளைகள் கையில் கிழிந்து போன ஓர் எழுத்துப் புத்தகம் வேறு எங்கே கிடைக்கும்? என் பார்வையில் அந்தச் சேகரிப்பின் உண்மையான செல்வம் அவைதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ராபர்ட் மோஃபட் என்ற மிஷனரி குருமான் என்ற ஊரில் இருந்தார். ட்ஸ்வானா மொழியில் லூக்கா நற்செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டு கேப் டவுன் வந்தார். அரசு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்க ஆள் இல்லை. தானே தொழில் கற்று 1830-இல் அதை அச்சடித்தார். ஓர் அச்சுப்பொறியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். 1857-க்குள் முழு வேதாகமத்தையும் குருமானிலேயே அடித்து முடித்தார்.

இந்த நூல்களுக்கெல்லாம் பட்டியல் போட கிரே ஒருவரைத் தேடிப் பிடித்தார். வில்ஹெல்ம் பிளீக். 1827-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா ஃபிரீட்ரிக் பிளீக் பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். மகன் மொழியியலுக்குப் போனார். 1858 முதல் வெளிவந்த அவருடைய பட்டியலின் தலைப்பு ‘மொழியியல்’. நூல்களை மொழிவாரியாக வரிசைப்படுத்தினார். ட்ஸ்வானா வேதாகமம் அங்கே இறையியல் நூலாக வரவில்லை, ட்ஸ்வானா மொழிக்கு ஒரு மாதிரியாக வந்தது. ஆக, பயண அலமாரியில் இருந்த ஆப்பிரிக்கா மொழியியல் அலமாரிக்கு நகர்ந்தது. முன்னேற்றம்தான். குறைந்தபட்சம் அங்கே மனிதர்கள் பேசுகிறார்கள்.

பிளீக்கை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிவந்தவர் ஒரு பேராயர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இறையியலும் பயணமும் வரலாறும் ஒன்றாக முடிச்சு விழுந்த இடம் அவருடைய வீடு. ஜான் வில்லியம் கொலென்சோ, நேட்டால் பேராயர். இங்கிலாந்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். 1855-இல் பிளீக்கோடு நேட்டால் போய்ச் சேர்ந்தார், எகுகான்யேனி என்ற இடத்தில் பள்ளிக்கூடமும் அச்சகமும் வைத்தார். அங்கே வில்லியம் ங்கிடி என்ற ஜூலு உதவியாளரோடு வேதாகமத்தை மொழிபெயர்க்கும்போது, நோவாவின் பேழைக் கதை வந்தது. இத்தனை விலங்கும் ஒரே பேழைக்குள் போனது உண்மையிலேயே நடந்ததா என்று ங்கிடி கேட்டார். கணக்கு வாத்தியாரால் பொய் சொல்ல முடியவில்லை. மோசேயின் ஐந்து நூல்களில் வரும் எண்களையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஒத்துவரவில்லை. 1862-இல் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து கொந்தளித்தது. 1863-இல் கேப் டவுன் பேராயர் கிரே (ஆளுநர் வேறு, இவர் வேறு) விசாரணை நடத்திக் கொலென்சோவைப் பதவியிலிருந்து நீக்கினார். 1865-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. 1867-இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் முதன்முதலாக லாம்பெத்தில் கூடியதற்கு இந்தத் தகராறு ஒரு முக்கியக் காரணம். ஒரு ஜூலு மொழிபெயர்ப்பாளரின் கேள்வி ஒரு திருச்சபையையே உலுக்கியது என்பதை எத்தனை இறையியல் அலமாரிகள் சொல்கின்றன?

இதற்குச் சற்று முன்னால், 1859-இல், கொலென்சோ ஜூலு மன்னர் ம்பாண்டேயைப் பார்க்கப் பயணம் போனார். கூடப் போனவர்கள் ங்கிடியும், மகேமா ஃபூசே என்ற இளைஞரும், ண்டியானே என்ற இன்னொரு இளைஞரும். திரும்பி வந்ததும் மூவரையும் தங்கள் பயணத்தைத் தங்கள் மொழியில் எழுதச் சொன்னார் பேராயர். 1860-இல் அது மிஷன் அச்சகத்தில் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் அச்சானது. மெலிந்த புத்தகம்தான். ஆனால் ஆப்பிரிக்கப் பயண நூல் என்ற வகையில், ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள் எழுதியது. வழி தெரிந்தவர்கள், மொழி தெரிந்தவர்கள், மன்னர் முன் எப்படி உட்காரவேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

மகேமா ஃபூசே அந்த அச்சகத்திலேயே அச்சுத் தொழிலாளியாக வளர்ந்தார். வேதாகமப் பாடங்களையும் பேராயரின் வாதங்களையும் எழுத்து எழுத்தாகக் கோர்த்தார். முதுமையில், கருப்பின மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றித் தன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1922-இல் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் வெளிவந்தது. ஜூலு ஒருவர் ஜூலு மொழியில் எழுதி நூலாக வந்த முதல் வரலாறு அது. இறையியலை அச்சடிக்கப் போட்ட கூடத்திலிருந்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுந்து வந்தார்.

மீண்டும் கேப் டவுனுக்குப் போவோம். கிரே 1861-இல் நியூசிலாந்துக்கு மாற்றலாகிப் போனபோது, சுமார் 5,000 நூல்கள் கொண்ட தன் சேகரிப்பை அந்த ஊர் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். பிளீக் அதன் காப்பாளரானார். நூலகத்துக்குப் புதுக் கட்டடம் 1860 செப்டம்பரில் திறக்கப்பட்டிருந்தது. திறந்தவர் விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட். அதே வருகையில் அவர் இன்னொன்றையும் தொடங்கிவைத்தார்: டேபிள் விரிகுடாவில் கப்பல்களைக் காக்க ஓர் அலைதடுப்புச் சுவர். முதல் வண்டிக் கல்லைக் கடலில் கொட்டியது அவர் கை. மற்ற கற்களைக் கொட்டியவர்கள் கைதிகள்.

அந்தக் கைதிகளில் வடக்கு வறண்ட நிலத்தைச் சேர்ந்த ஹாம் மக்கள் சிலர் இருந்தார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த சான் மக்களில் ஒரு பிரிவினர். வேட்டை நிலமெல்லாம் குடியேறிகளின் ஆட்டுப் பண்ணையானபோது ஆட்டைப் பிடித்துத் தின்றார்கள். திருட்டு என்று கடுங்காவல். 1870-இல் பிளீக் ஆளுநரிடம் அனுமதி வாங்கி, அலைதடுப்புச் சிறையிலிருந்து ஒருவரை மோப்ரேயில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கபோ. 1871 பிப்ரவரியில் வந்தார். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் 1873 அக்டோபர் வரை தங்கினார், சொல்லிக்கொடுப்பதற்காக.

பிளீக் நோயாளி. நூலக வேலையும் இருந்தது. நோட்டுப் புத்தகங்களில் பெரும்பகுதியை எழுதியவர் அவருடைய மைத்துனி லூசி லாய்ட். முறையான மொழியியல் படிப்பு இல்லாதவர். சொடுக்கொலிகள் நிறைந்த ஒரு மொழியைக் காதால் கேட்டுக் கேட்டுக் கற்று, ஒரு பத்தியில் ஹாம் மொழி, பக்கத்திலேயே ஆங்கிலம், எதிர்ப்பக்கத்தில் விளக்கம் என்று எழுதினார். நிலவு, முயல், மரணம் எப்படி வந்தது, மழை என்ற விலங்கு, கும்பிடுபூச்சித் தெய்வம் படைத்த மான், எந்தக் கிழங்கு எப்போது தோண்டலாம் என்று 12,000 பக்கத்துக்கு மேல் சேர்ந்தது.

1875-இல் பிளீக் 48 வயதில் இறந்தார். நூலகத்தில் அவர் இடத்துக்கு லாய்டை வைத்தார்கள், பாதிச் சம்பளத்தில். 1880-இல் அவரையும் நீக்கிவிட்டு ஓர் ஆணை நியமித்தார்கள். காரணங்கள் பல சொன்னார்கள், எதுவும் எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. அவர் வேலையை விடவில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகள் நூலாக வர 1911 ஆயிற்று. 1913-இல் கேப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அந்த நாட்டில் அத்தகைய பட்டம் பெற்ற முதல் பெண். அடுத்த ஆண்டு இறந்தார்.

தங்கள் கதைகள் புத்தகம் வழியாக மற்றவர்களுக்குத் தெரியவரும் என்ற எண்ணம் கபோவுக்குப் பிடித்திருந்தது என்று லாய்ட் அந்நூலின் முன்னுரையில் எழுதுகிறார். கபோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது. அந்த நூலில் அவர் சொன்ன ஒரு பயணக் கதையும் இருக்கிறது: தான் கைதானது, விக்டோரியா வெஸ்ட் ஊர் நீதிபதி முன் நிறுத்தப்பட்டது, வழியில் சாலை வேலை செய்தது, ரயிலேறிக் கேப் டவுன் வந்தது. கோல்ப், பாரோ, பர்ச்செல் எல்லோரும் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போனவர்கள். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு, கையில் விலங்கோடு வந்தவர் சொன்ன பயணம் இது. அந்த ஊர் நூலகம் சேர்த்த அத்தனை பயண நூல்களையும் எதிர்த்திசையிலிருந்து படிக்க இந்தச் சில பக்கங்கள் போதும்.

இந்த நோட்டுகள் இன்று கேப் டவுன் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், தேசிய நூலகம் என்று மூன்று இடங்களில் இருக்கின்றன. 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. 2021 ஏப்ரலில் மலைத்தீ பரவிப் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்புக்கூடம் எரிந்தது. ஆப்பிரிக்கவியல் நூல்கள் பல்லாயிரம் சாம்பலாயின. நோட்டுகள் தப்பின. ஹாம் மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இன்று இல்லை. தென்னாப்பிரிக்கா 2000-இல் ஏற்றுக்கொண்ட அரசு முத்திரையில் இருக்கும் வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது.

எல்லாம் சரி, கபோவின் நூல் இப்போது எந்த அலமாரியில்? பெரும்பாலும் நாட்டார் கதைகள், டூயி 398. அதைப் பற்றி ஒரு தகவலைச் சொல்லி முடிக்கிறேன். கபோ தன் ஊரையும், தன் குடும்பத்துக்குப் பாட்டன் காலத்திலிருந்து உரிமையான நீர்க்குழிகளையும் சொல்ல, பிளீக் வரைபடமாகக் குறித்துவைத்திருந்தார். 1980-களில் ஜேனட் டீக்கன் என்ற தொல்லியலாளர் அந்த வரைபடத்தையும் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வடக்கு கேப்பின் பண்ணைகளுக்குப் போனார். கபோ சொன்ன இடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். அவற்றைச் சுற்றி ஹாம் மக்கள் தங்கிய தடயங்களையும் பாறைச் செதுக்கல்களையும் பதிவு செய்தார். 398-இல் இருக்கும் ஒரு நூலை வைத்து, தென்னாப்பிரிக்க வரலாற்றின் எண்ணான 968-க்குரிய ஆய்வை நடத்தியிருக்கிறார்கள். உங்களில் பட்டியல் தயாரிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். இந்த நூல் உங்கள் நூலகத்துக்கு வந்தால் எந்த எண் கொடுப்பீர்கள் என்று கேள்வி நேரத்தில் நான்தான் உங்களைக் கேட்கப்போகிறேன்.